விமானப் பிரயாணமும் புகைப்படக் கருவியும்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர், அப்பரும் சம்பந்தரும் பாடிய பழம்பதி. வாசீசுவரர் கோயிற் சுவர்களிற் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. அவற்றைப் படமெடுக்கும் விருப்பினராய், அவ்வூரிற் பிறந்து வெளிநாட்டில் வாழும் எம் நண்பரொருவர் அண்மையில் ஆகாய விமானத்தில் வந்திறங்கினார். கைப்பையின் நிறை வரம்பு மீறியதெனக் கூறி, ஏறுமிடத்திலேயே அவர்தம் கருவிப் பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டனராம். மீனம்பாக்கத்தில் அதனைத் திறந்தபோது, புறத்தே ஒரு கீறலுமில்லை. அகத்தே நீண்ட லென்ஸ் காமிராவினின்றும் பெயர்ந்து கிடந்தது. விடுமுறை ஒரு வாரமே. ஒரு படமும் எடுத்திலர். "கல்லெழுத்துப் பல நூற்றாண்டு நின்றது, என் கண்ணாடி ஒரு பகல் நிற்கவில்லையே" என அவர் வருந்தியது எம் நெஞ்சை விட்டகலவில்லை.

நிற்க. இதிற் பிழை யாருடையது? ஒரு பகுதி நண்பருடையதே. லென்ஸைக் காமிராவிற் பொருத்தியவாறே வைத்துவிட்டார். பெட்டி விழுங்கால் லென்ஸின் பளு நெம்புகோல்போல் நின்று இணைப்பு வளையத்தை வளைத்துவிடும். ஆதலின் இரண்டையும் பிரித்து, மூடியிட்டு, தனித்தனி அறைகளில் அசையாவண்ணம் வைத்தலே முறை. வெற்றிடம் சிறிதிருப்பினும் மெல்லிய துணியால் நிரப்புக. பெட்டி ஒரு முறையேனும் விழும் என்றெண்ணியே கட்டுதல் வேண்டும். விழாது என்றெண்ணிக் கட்டுவோன் பிறர் கருணையை நம்பிப் பிரயாணம் செய்கின்றான்.

மற்றொரு பகுதி விமான விதிகளைச் சாரும். நம் நாட்டு உள்நாட்டு விமானங்கள் பலவற்றிற் கைப்பைக்கு 7 கிலோவே வரம்பு. கருவியைச் சரக்கறைக்கு அனுப்பினாலோ, உடையும் பொருட்குப் பொறுப்பேலோம் என்பது பல கம்பெனிகளின் நிபந்தனை. மேலே கொண்டுவராதே என ஒரு விதியும், கீழே வைத்தால் எமக்கென்ன என மற்றொரு விதியும் கூறின், பிரயாணி யாங்கே செல்வது? இது நீதியன்று என்பதே எம் கருத்து.

சட்டம் முற்றும் கைவிட்டதென்றும் கூறற்கில்லை. 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை 2009 முதல் இந்தியாவையும் கட்டுப்படுத்துகின்றது. சேதத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். பொருளின் உயர்ந்த மதிப்பை முன்னரே அறிவித்து, வேண்டுமாயின் மிகைக் கட்டணமும் செலுத்தினால், வழக்கமான இழப்பீட்டு வரம்பைக் கடக்கலாம். இவ்வுரிமையை அறிந்தோர் சிலரே. கோருவோர் அவரினும் சிலர். உள்நாட்டுப் பிரயாணத்திற்கு வகுத்த வரம்பு ரூ. 20,000, நல்ல லென்ஸொன்றின் விலைக்கு அது போதாது. ஆதலின் தனியே இன்ஷூரன்ஸ் செய்தல் அறிவுடைமை.

கம்பெனிகள் செய்யவேண்டுவது அரிதன்று. நிறை மீறிய பெட்டியை வாங்குமுன், 'உடையும் பொருளுளதோ?' என வினவி, உளதாயின் அதனை மட்டும் எடுத்துக்கொள்ள அவகாசம் தருக. எஞ்சிய துணிமணி கீழே செல்லட்டும். உதிரி லித்தியம் பாட்டரிகளைச் சரக்கறையில் வைத்தல் தீ அபாயம் கருதி விலக்கப்பட்டுள்ளமையால், அவற்றை எடுத்துக்கொள்ளவும் அவ்வவகாசம் வேண்டுவதே. பாட்டரிக்கு அஞ்சித் திறக்கும் பெட்டியைக் கண்ணாடிக்கு இரங்கியும் திறத்தலில் யாது நட்டம்?

மாணவ அன்பர்கள் தம் பங்கையும் மறவற்க. காமிராவும் லென்ஸும் முதலில் கைப்பையில் இடம் பெறுக. முக்காலி கீழே போகட்டும். எடுத்த படங்களடங்கிய அட்டை பெட்டியிலன்றிச் சட்டைப்பையில் இருக்கட்டும். பிலிமாயின், கதிர்ச்சோதனைக்கு உட்படுத்தாது கையாற் சோதிக்குமாறு பணிவுடன் கேட்க. புறப்படுமுன் கருவிகளின் எண்களைக் குறித்துப் படமெடுத்து வைக்க. குளிர்ந்த இடத்தினின்றும் நம்மூர் வெப்பத்தில் இறங்கியதும் பையைத் திறவற்க. கண்ணாடியில் நீர் படியும். சற்றே பொறுத்துத் திறக்க.

உடைந்த லென்ஸுக்கு விலை கொடுக்கலாம். கழிந்த அவ்வாரத்திற்கு எக்கம்பெனியும் விலை கொடாது. நண்பர் மீண்டும் வருவதாக எழுதியுள்ளார். இம்முறை பெட்டியைக் கட்டுங்கால் இப்பக்கத்தை அவர் முன்வைத்துக் கொள்வாராக.