சொல்லுக்கு இடம் விடும் யந்திரம்

மின்னணு இசையும் சமூகச் சிந்தனையும் ஒருங்கே அமைந்த தனியிசைத் தொகுப்பு என்பது சென்னையில் விளைந்து, மதுரை வழியாக ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி நம்மிடம் வந்து சேரும் நகரத்துச் சரக்கு என்றோர் அபிப்பிராயம், தேனி முதல் கூடலூர் வரை ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் நம்மவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. பக்திப் பாடலும் திருவிழா விளம்பரமும் தேர்தல் காலத்துக் கட்சிப் பாட்டும் பதிவு செய்து ஜீவனம் நடத்துகிற நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்போரும் உண்டு. இப்படிக் கேட்பவர்கள் பண்ணைப்புரம் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1958ஆம் ஆண்டு தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, மலைக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துக் கிடந்த தமிழ்த் தொழிலாளரிடையே பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். ஜனங்களின் காதுக்குப் பழகிய மெட்டுக்களில் அன்றைய கூலியையும் அன்றைய அநீதியையும் ஏற்றி, ஓர் ஆர்மோனியமும் ஒரு கூம்பு ஒலிபெருக்கியுமே துணையாக அவர் நடத்திய கச்சேரிகளிலிருந்து வளர்ந்த தம்பி இளையராஜா, 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தின் இசையைக் கணினியின் துணைகொண்டு அமைத்ததும், அதே ஆண்டில் 'ஹவ் டு நேம் இட்' என்னும் திரைப்படம் சாராத தொகுப்பை வெளியிட்டதும் நாம் அனைவரும் அறிந்த சரித்திரம். ஆக, சமூகப் பாட்டு, யந்திர இசை, தனித் தொகுப்பு ஆகிய மூன்றும் நம் பள்ளத்தாக்கின் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை. ஆனால் அண்ணனின் சொல்லும் தம்பியின் யந்திரமும் ஒரே தொகுப்பில் சந்திக்கவில்லை. அண்ணனின் பாட்டு மேடையோடு நின்றது. தம்பியின் தனித் தொகுப்போ சொல்லே வேண்டாத வாத்திய இசையாயிற்று.

அவ்விரண்டும் தமிழகத்தில் நன்றாகச் சந்தித்த இடமாக நான் கருதுவது, அரக்கோணத்து இளைஞர் அறிவு, இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பை. இதுவே முதல் என்று சாதிக்கும் உத்தேசம் எனக்கில்லை. மலேசியாவில் யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006லேயே 'வல்லவன்' தொகுப்பின் மூலம் தமிழ் ராப் இசைக்கு வழி திறந்துவிட்டார்கள். சென்னையில் 2018 ஜனவரியில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவும், பா. ரஞ்சித்தின் ஆதரவிலும் டென்மாவின் இசைத் தலைமையிலும், கானாவையும் ராப்பையும் பறையையும் ராக் இசையையும் ஒரே மேடையில் ஏற்றியிருந்தது; அறிவும் அதில் பாடியவரே. எனினும் பலர் கூடி மேடையில் எழுப்பும் முழக்கம் வேறு. ஒருவர் எழுதிப் பாட, மற்றொருவர் கணினியில் இசை கட்ட, சிறு அறையில் உருவாகித் தனி மனிதனின் காதுக்கு நேரே வந்து சேரும் தொகுப்பு வேறு. நம்மில் பெரும்பாலோர் வேலை செய்வது இரண்டாவது நிலைமையில்தான் என்பதால், நமக்குப் பாடமாகக்கூடியது 'தெருக்குரலே'.

அத்தொகுப்பின் பலம் கோபத்தில் இல்லை. கோபம் யாருக்கும் வரும். அதன் பலம், ஒவ்வொரு பாடலும் இன்னாரை நோக்கி, இன்ன விஷயத்தைப் பற்றி என்று விலாசம் எழுதப்பட்டிருப்பதில் இருக்கிறது. 'ஆன்டி இண்டியன்' என்று கேள்வி கேட்போர்மேல் ஒட்டப்படும் பட்டத்துக்கு ஒரு பாடல் பதில் சொல்லுகிறது. அநீதியைக் கண்டும் வாய் திறவாதோரை 'கள்ள மௌனி' என்று இன்னொரு பாடல் விளிக்கிறது. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் மாண்டதை, அவர்களில் ஒருத்தியான ஸ்னோலினின் பெயரையே தலைப்பாக வைத்து மற்றொரு பாடல் நினைவுகூர்கிறது. குறையும் இல்லாமலில்லை. சில இடங்களில் வாதம் பிரசங்கமாகி, இசை வெறும் பின்விரிப்பாகப் படுத்துவிடுகிறது. கூட்டம் கூடத் திருப்பிப் பாடும்படியான மெட்டுக்கள் அதில் குறைவு. பாவலரின் பாட்டைக் கேட்டவர்கள் அதைத் தாங்களே பாடிக்கொண்டு வீடு திரும்பினார்கள் என்பதை நினைக்கும்போது இக்குறை சிறிதல்ல என்றே தோன்றுகிறது.

இனி நம் தொழிலுக்கு வருவோம். நம் பகுதியில் அண்மைக் காலத்தில் சமூகப் பாடல் என்ற பெயரில் பதிவாகி என் காதுக்கு எட்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்த கதி, சொல் கேட்கவில்லை என்பதே. தமிழ்ச் சொல்லைச் சொல்லாக நிறுத்துவன பெரிதும் வல்லின மெய்கள். அவற்றின் துலக்கம் ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் இருக்கிறது. அதே பரப்பில் கீபோர்டின் கூரிய நாதத்தையும், ஹை-ஹாட்டின் சலசலப்பையும், போதாக்குறைக்குக் குரலின்மீதே ஏராளமான ரிவெர்பையும் கொட்டிவிட்டு, பிறகு குரலின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதால் பிரயோஜனம் என்ன? குரலை ஏற்றுவதைக் காட்டிலும் மற்றவற்றை விலக்குவதே விவேகம். இன்னொன்று, குறிலை நெடிலாக நீட்டியும் நெடிலைக் குறிலாக நறுக்கியும் வரியைத் தாளக் கட்டத்துக்குள் திணிக்கும் வழக்கம். மெட்டு முந்தி வந்தாலும் சரி, பாட்டு முந்தி வந்தாலும் சரி, அந்த இடத்தில் மாற்ற வேண்டியது பீட்டே ஒழிய எழுத்தல்ல.

உறுமியையும் பறையையும் நாம் கையாளும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உறுமியின் ஜீவன், வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ஒரே வீச்சில் ஏறி இறங்கும் அந்த முனகலில் இருக்கிறது. அதைத் துண்டாக வெட்டி லூப்பாக்கி, அதன் கீழே 60 ஹெர்ட்ஸில் ஒரு கிக்கையும் வைத்துவிட்டால், முனகல் எஞ்சி அதன் நடை மறைந்துபோகிறது. பறையோ, தீயில் காய்ச்சிய தோல் ஆற ஆறச் சுருதி தாழும் வாத்தியம். சூடாக இருக்கும்போது ஒரே ஓர் அடியைப் பதிந்து அதையே நூறு தடவை ஒட்டுகிறவர், அந்த ஏற்றத்தாழ்வு முழுவதையும் இழக்கிறார். வாசிப்பவரை நேரில் அழைத்து, க்ளிக்கைக் காதில் மாட்டிவிட்டு அவரை அதற்கு அடிமையாக்காமல், அவர் வாசித்த காலத்துக்கு யந்திரத்தின் டெம்போவை நகர்த்திக் கொடுப்பது இன்றைய மென்பொருள்களில் எளிதாக முடிகிற காரியம். எல்லா அடிகளையும் கட்டத்தில் நேராக நிறுத்திய பிறகு, 'கிராமிய மணம்' சேர்க்கிறேன் என்று புல்லாங்குழல் ஒன்றைத் தூவுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

கேட்போர் எங்கே கேட்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் ஆழ்ந்த பேஸ் வருவதில்லை. கோயில் திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியில் நடு ஸ்வரப் பரப்பைத் தவிர வேறொன்றும் உருப்படியாக வருவதில்லை. விலையுயர்ந்த மானிட்டரில் நெஞ்சை அதிரவைக்கும் பதிவில், இவ்விரண்டிலும் கேட்கும்போது சொல்லாவது பிழைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மிக்ஸிங் முடிந்ததென்று கொள்ளலாம். பாவலர் காலத்தில் இச்சோதனை ஒவ்வொரு மாலையும் தானாகவே நடந்தது.

விஷயத்துக்கோ இங்கே பஞ்சமில்லை. பொழுது விடியுமுன் கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் பாயும் ஜீப்புகள் இருக்கின்றன. அவை கொண்டை ஊசி வளைவுகளில் கவிழ்ந்த செய்திகளும் இருக்கின்றன. முல்லைப் பெரியாற்று நீரால் இப்பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் இருக்கிறது. 2011இல் அந்த நீருக்காகக் குமுளி எல்லையை நோக்கித் திரண்ட ஜனத்திரள் இருக்கிறது. பொட்டிபுரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தது முதல் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் இருக்கின்றன. நாமோ 'மண்ணே தாயே' என்றும் 'விவசாயி கண்ணீர்' என்றும், எந்த ஜில்லாவிலும் பொருந்தி எந்த ஜில்லாவையும் தொடாத பாடல்களைப் பதிந்துகொண்டிருக்கிறோம். பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்கைப் போற்றும் பாடல்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன; அதே அணையின் நீரில் நாற்று நடுகிறவளின் இன்றைய கூலியைச் சொல்லும் பாடல் ஒன்று கிடைத்தால் நான் மகிழ்ந்து கேட்பேன்.

வருவாயையும் பெயரையும் பற்றி ஒரு வார்த்தை. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய மக்களின் நினைவை உலகம் முழுதும் ஆடிப் பாடும்படி செய்தது. ஆனால் அதே ஆண்டில் ஒரு பத்திரிகையின் அட்டைப்படத்தில் அதை எழுதிப் பாடிய அறிவின் முகம் இடம்பெறாததால் பெரும் சர்ச்சை மூண்டது. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை என்று பகிரங்கமாகவே கூறினார். அத்தனை பிரசித்தி பெற்றவர்களின் நிலை இதுவென்றால், வாய்மொழி ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நம் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாப்பளித்திருக்கிறது. அதை வாசித்துப் பாராமல் முத்திரைத்தாளில் கையெழுத்திடுவோர் நம்மிடையே இன்னும் இருப்பது வருந்தத்தக்கது.

இப்பள்ளத்தாக்கில் உருவாகும் தனித் தொகுப்புகளை இனி இவ்விதழில் விமரிசிக்க எண்ணியிருக்கிறோம். அனுப்ப விரும்புவோர், எழுதியவர் முதல் உறுமி வாசித்தவர் வரை எல்லாருடைய பெயரும் அடங்கிய பட்டியலையும், பாடல்களின் எழுத்துப் பிரதியையும் உடன் வைத்து அனுப்ப வேண்டுகிறோம். அனுப்புமுன் ஒரு முறை அதைத் தோட்டத்து ஜீப்பில் போட்டு, சொல் புரிகிறதா என்று உடன் வருகிறவர்களைக் கேளுங்கள்.