யுரேனியம் இருக்கு... சீசியம் எங்கே?

பைக்ல டேங்க் ஃபுல். ஆனா இன்ஜின் ஆயில் காலி. வண்டி எவ்வளவு தூரம் போகும்? இதே கதை பூமிக்கு 800 கிலோமீட்டர் மேலே நடந்திருக்கு பாஸ்!

1987-ல் சோவியத் யூனியன் காஸ்மோஸ் 1818, காஸ்மோஸ் 1867 என்று இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பியது. இரண்டிலும் 'டோபாஸ்' என்ற குட்டி அணு உலை. சுமார் 5 கிலோவாட் மின்சாரம் தரும். அதுக்கு டர்பைனும் கிடையாது, சுழலும் ஜெனரேட்டரும் கிடையாது.

எப்படி? உலோகத்தை 1,500 டிகிரிக்கு மேல சூடாக்கினா எலெக்ட்ரான்கள் வெளியே குதிக்கும். இந்தக் கணக்கைப் போட்டதுக்குத்தான் ரிச்சர்ட்சனுக்கு 1928-ம் வருட நோபல் பரிசு. எதிரே சூடு குறைவான இன்னொரு உலோகம் வெச்சா, கரன்ட் ரெடி.

ஆனா ஒரு சிக்கல். வெளியே வந்த எலெக்ட்ரான்கள் டவுன் பஸ் படிக்கட்டுல தொங்குற நம்மாளுங்க மாதிரி இடைவெளியில கும்பலா நின்னுக்கிட்டு, பின்னாடி வர்றவங்களைத் தள்ளிவிடும். எல்லாமே நெகட்டிவ் ஆச்சே!

இங்கேதான் ஹீரோ என்ட்ரி. சீசியம்! 28.5 டிகிரியிலேயே உருகுற உலோகம். (கையில எடுத்துடாதீங்க, காத்து பட்டாலே தீப்பிடிக்கும்.) இதோட ஆவியை இடைவெளியில விட்டா, சூடான டங்ஸ்டன் அதன் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கும். காரணம், சீசியத்திலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க 3.9 எலெக்ட்ரான் வோல்ட் போதும். டங்ஸ்டனிலிருந்து பிரிக்க 4.5 வேணும். மிஞ்சுற பாசிட்டிவ் அயனிகள் கும்பலைக் கலைச்சுடும். எதிர்ப்பக்க உலோகத்துல மெலிசா படிஞ்சு, கிடைக்கிற வோல்டேஜையும் கூட்டும்.

ஆனா விண்வெளியில் இந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமா செலவாச்சு. முதல் உலை சில மாதம், இரண்டாவது கிட்டத்தட்ட ஒரு வருஷம்... அவ்வளவுதான். யுரேனியம் மிச்சம் இருந்தது. தீர்ந்தது சீசியம்!

வெற்றிடக் குழாய் செய்யறவங்க வேற ரூட் பிடிச்சாங்க. 1950-ல் பிலிப்ஸ் நிறுவனம், நுண்ணிய துளைகள் உள்ள டங்ஸ்டனுக்குப் பின்னாடி பேரியத்தை ஒளிச்சு வெச்சது. சூடாக்கினா பேரியம் துளை வழியா மெதுவா ஊறி மேலே வரும். மேற்பரப்புல ஆவியாகிப் போற இடத்தை உடனே நிரப்பும். இந்த வகை எலெக்ட்ரோடுகள் தகவல்தொடர்பு செயற்கைக்கோள்களில் வருஷக்கணக்கில் உழைக்குது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணப் போறீங்களா? 'எவ்வளவு பவர் வரும்?'னு கேட்கும்போதே 'முதல்ல எது தீரும்?'னும் கேட்டுடுங்க. அந்தக் கேள்விக்குப் பதிலா ரெண்டு டோபாஸும் இன்னமும் மேலே சும்மா சுத்திக்கிட்டிருக்கு.