செங்கல்பட்டு வெயிலில் ‘ஹீட்டிங்’ செலவா? இ.சி.ஆர். ஹோட்டல்கள் போடாத கரண்ட் பில் கணக்கு!

கட்டிடத்துக்கு ஹீட்டிங் செலவு என்றாலே லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நண்பர்களின் புலம்பல்தான் ஞாபகத்துக்கு வரும். மே மாத வெயிலில் வெந்துபோகும் செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று தோன்றலாம். ஆனால், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை இ.சி.ஆரில் இருக்கும் ஹோட்டல்களும் ரிசார்ட்டுகளும் வருஷம் முழுக்க ஒன்றைச் சூடாக்கிக்கொண்டேதான் இருக்கின்றன. அது தண்ணீர்!

குளியலறை, சமையலறை, லாண்டரி என மூன்று இடத்திலும் வெந்நீர் வேண்டும். ஏ.சி. செலவைப் பற்றிப் பேசாத மேனேஜர் இல்லை. வெந்நீருக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. காரணம், இரண்டும் ஒரே மீட்டரில் ஓடி, ஒரே பில்லில் வந்துவிடுகின்றன.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

போன் கால்குலேட்டரே போதும். எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை டிகிரி சூடேற்ற வேண்டும்? இரண்டையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால், தேவைப்படும் மின்சாரம் யூனிட்டில் கிடைத்துவிடும்.

40 அறைகள் கொண்ட ஒரு ரிசார்ட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்து தினமும் 3,000 லிட்டர் வெந்நீர் செலவாகிறது. தொட்டித் தண்ணீர் 28 டிகிரி. சூடாக்க வேண்டியது 60 டிகிரிக்கு. அதாவது 32 டிகிரி ஏற்றம். 3,000 x 32 ÷ 860 = சுமார் 112 யூனிட். மாதத்துக்கு சுமார் 3,350 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால், மாதம் 33,500 ரூபாய். வருஷத்துக்கு நான்கு லட்சம் ரூபாய்!

5 ஸ்டார் கீசர் வாங்கினால் போதாதா?

போதாது. கீசரில் இருக்கும் ஸ்டார், டேங்க் எவ்வளவு நேரம் சூட்டைத் தக்கவைக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. சூடேற்றும் வேலையில் எல்லா கீசர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை ஸ்டார் இருந்தாலும் அந்த 112 யூனிட் குறையாது.

அப்படியென்றால் என்ன வழி?

முதலில் காசு அதிகம் கேட்காத வேலைகள். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவரை 8 லிட்டருக்கு மாற்றினால், அதே நேரக் குளியலுக்கு மூன்றில் ஒரு பங்கு வெந்நீர் மிச்சம். வெந்நீர் பைப்புகளுக்கு உறை போடலாம். காலியாக இருக்கும் அறைகளில் கீசரை அணைத்து வைக்கலாம். மிச்சம் பிடிக்கிறேன் என்று சென்ட்ரல் டேங்கின் சூட்டை மட்டும் 40, 45 டிகிரிக்கு இறக்கிவிடக் கூடாது. அந்தச் சூட்டில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா வளரும். அதனால்தான் தேக்கிவைக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

அடுத்தது சோலார். ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு சுமார் 2 சதுர மீட்டர் கலெக்டர் தேவை. 3,000 லிட்டருக்கு 60 சதுர மீட்டர் கலெக்டர் வேண்டும். கடற்கரையில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, உப்புக்காற்றும் போர் தண்ணீரின் உப்புப்படிவும். இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை மேகம் சூழ்ந்த நாட்களில் சோலார் கைவிடும். நாட்டிய விழாவுக்குக் கூட்டம் வரும் டிசம்பரிலும் அது நடக்கலாம். எனவே பேக்கப் அவசியம்.

இங்குதான் ஹீட் பம்ப் வருகிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்குமே, அதே டெக்னிக்தான். சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்கு மாற்றும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைத்தால், 33,500 ரூபாய் சுமார் 11,000 ஆகிவிடும். சூடான ஊரில் இது இன்னும் நன்றாகவே வேலை செய்யும். போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்றையும் வெளியே விடும். அந்தக் காற்றை லாண்டரிக்குத் திருப்பிவிட்டால், அங்கே வியர்வையில் நனைந்தபடி வேலை பார்ப்பவர்களுக்கும் கொஞ்சம் நிம்மதி.

வெளியே போகும் சூடு

ஏ.சி. அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கும். அறையிலிருந்து எடுத்த சூடு அது. அதைக் காசு கொடுத்து வெளியே தள்ளிவிட்டு, அதே கட்டிடத்தில் மறுபடி காசு கொடுத்துத் தண்ணீரைச் சூடாக்குகிறோம். சென்ட்ரல் ஏ.சி. உள்ள ஹோட்டல்களில் அந்த அனலின் ஒரு பகுதியை வெந்நீருக்குத் திருப்பும் கருவிகள் புதிதல்ல. ஆனால், கட்டும்போதே திட்டமிடுவது நல்லது.

ஏன் நடக்கவில்லை?

பல இடங்களில் கட்டிடம் ஒருவருடையது, குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். கீசர் வாங்குவது ஓனர். கரண்ட் பில் கட்டுவது நடத்துபவர். விலை குறைந்த கீசரை மாட்டிவிட்டால் ஓனருக்கு லாபம். நாளைக்கு காலி செய்ய வேண்டிய இடத்தில் லட்சங்களைப் போட நடத்துபவருக்கும் மனசு வராது. கடைசியில் அந்தச் செலவு அறை வாடகையில் ஏறும், இல்லையென்றால் ஊழியர்களின் சம்பள உயர்வில் கைவைக்கும்.

குத்தகைப் பத்திரத்திலேயே வெந்நீர்ச் செலவை யார், எப்படிப் பகிர்வது என்று எழுதிவிடலாம். புதிய ஹோட்டல்களுக்கு அனுமதி கொடுக்கும்போது வெந்நீருக்கான திட்டத்தையும் அதிகாரிகள் கேட்க வேண்டும். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெந்நீருக்குத் தனியாக ஒரு சப்-மீட்டர். செலவு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதைக் குறைக்க யாருக்காவது தோன்றும்.