மழைக்கு முன் வைப்பரைப் பாருங்கள்



1977, 1983 கலவரங்களின்போது மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. போரில் துணையை இழந்தபின் முச்சக்கரவண்டியோ வானோ ஓட்டிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வன்னியின் வெயிலில் மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த வைப்பர், உறவுகளைப் பார்க்கக் கம்பளை, புசல்லாவை தாண்டி கொத்மலைப் பக்கம் றம்பொடையில் ஏறும்போதுதான் நினைவுக்கு வரும். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். கண்ணாடி மறைந்தால் வளைவு தெரியாது.

வைப்பரை உருவாக்கியதில் பெண்களுக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் மேரி அன்டர்சன், வண்டிக்குள் இருந்தபடியே கைப்பிடியால் இயக்கும் வைப்பருக்கு 1903 நவம்பர் 10ஆம் திகதி காப்புரிமை பெற்றார். மின்சாரத்தால் இயங்கும் ஒரு வகைக்கு 1917இல் காப்புரிமை பெற்றவர் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற பெண். பெண்கள் யோசித்துச் செய்த பொருளைப் பெண்கள் விளங்கிக்கொள்வது கடினமா என்ன?

மின்சாரம் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பற்றரியில் இருந்து சாவி சுவிட்ச், அங்கிருந்து பியூஸ், பிறகு வைப்பர் சுவிட்ச், கடைசியாக மோட்டார். மோட்டார் வேகமாகச் சுற்றும். உள்ளே இருக்கும் பற்சக்கரம் அந்த வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும். இணைப்புக் கம்பிகள் அந்தச் சுழற்சியை இப்படியும் அப்படியுமான அசைவாக மாற்றும். பல மோட்டார்களில் மூன்று கரித்துண்டுகள் உண்டு. மின்சாரம் எந்தக் கரி வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து மெதுவான வேகமோ கூடிய வேகமோ கிடைக்கும்.

சுவிட்சை நிறுத்திய உடனே வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிடாமல் கீழே போய்ப் படுப்பதைக் கவனித்திருப்பீர்கள். மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச்தான் அதற்குக் காரணம். கை கீழே வந்து சேரும்வரை அது மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கண்ணாடி கழுவும் தண்ணீருக்குத் தனித் தொட்டியும், அதில் ஒரு சிறு மின்பம்பும் உண்டு. பம்ப் தள்ளும் தண்ணீர் குழாய் வழியாக வந்து சிறு துவாரங்களால் பீச்சும். சில முச்சக்கரவண்டிகளில் இந்த வசதி இருக்காது. அவர்கள் ஒரு போத்தல் தண்ணீரும் துணியும் வைத்திருப்பது நல்லது.

கோளாறு வந்தால் அதே வழியில் தேடுங்கள்:

• வைப்பர் அசையவே இல்லை, சத்தமும் இல்லை: முதலில் பியூஸ், அடுத்து வயர் இணைப்புகள்.
• மோட்டார் சத்தம் கேட்கிறது, கை அசையவில்லை: நட் தளர்ந்திருக்கலாம், அல்லது இணைப்புக் கம்பி கழன்றிருக்கலாம்.
• ஒரு வேகம் மட்டும் வேலை செய்யவில்லை: சுவிட்சையோ கரியையோ பார்க்கச் சொல்லுங்கள்.
• நிறுத்தினால் நடுவிலேயே நிற்கிறது: மோட்டாரின் உள் சுவிட்சில் சந்தேகம்.
• பம்ப் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை: தொட்டி வெறுமையா, குழாய் கழன்றதா, துவாரம் அடைத்ததா என்று பாருங்கள். அடைப்பை மெல்லிய ஊசியால் எடுக்கலாம்.

பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். வயர்த்துண்டோ சிகரெட் பெட்டித் தாளோ வைத்துச் சமாளிக்க வேண்டாம். வயர் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். கை வைக்கும் முன் சாவியை நிறுத்துங்கள். இணைப்புக் கம்பிக்குள் விரல் சிக்கினால் பெரிய காயம் வரும். உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிடாதீர்கள். வெறும் தொட்டியில் பம்பையும் இயக்காதீர்கள். வெயிலில் காய்ந்து வெடித்த இறப்பரை மாற்றிவிடுங்கள். மலையில் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்தால் வைப்பர் அதைத் துடைக்காது. காற்று வர வழி விட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

கராஜுக்குப் போகும்போது "வைப்பர் பழுது" என்று மட்டும் சொல்லாமல், "பியூஸ் சரி, மோட்டார் சத்தம் கேட்கிறது, கை அசையவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நட்டை இறுக்கினால் தீர்கிற வேலைக்குப் புது மோட்டார் வாங்கும் செலவு மிஞ்சும். அந்தக் காசு பிள்ளைகளின் கொப்பிக்கு உதவும்.