குடலும் மூச்சும்

மழைக்காலம் வந்தால் வகுப்பிலே ஒன்றிரண்டு இடம் காலியாகிவிடும். விசாரித்தால், பையனுக்கு இரைப்பு என்பார்கள். வைத்தியரும் அவன் மார்பில் குழாயை வைத்துப் பார்ப்பாரேயன்றி, என்ன சாப்பிட்டான் என்று அதிகமாய் விசாரிப்பதில்லை. மூச்சுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம்.

சம்பந்தம் உண்டென்று காட்டியவர்களில் ஒருவர் பெஞ்சமின் மார்ஸ்லாண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் அவரும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி 2014-ம் வருஷம் வெளியாயிற்று. சுண்டெலிகளில் ஒரு கூட்டத்துக்கு நூற்றுக்கு 4 பங்கு நார்ச்சத்துள்ள தீனியும், மற்றொன்றுக்கு 0.3 பங்கே உள்ள தீனியும் அளித்தார்கள். பிறகு, வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியின் சாரத்தை மூக்கு வழியாகச் செலுத்தினார்கள். நார் குறைந்த தீனி தின்ற எலிகளுக்கு ஒவ்வாமை கடுமையாயிற்று. சுவாசப்பையில் கோழை மிகுந்தது.

காரணம் விசித்திரமானது. நாரை ஜீரணிக்க நம்மால் ஆகாது. பெருங்குடலில் குடியிருக்கும் கோடானுகோடிக் கிருமிகளே அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக்குகின்றன. (கிருமி என்றதும் முகஞ்சுளிப்போர் தயிரை நினைத்துக்கொள்வார்களாக!) அவற்றில் ஒன்றான புரோப்பியானிக் அமிலத்தின் செல்வாக்கு எலும்பின் மஜ்ஜை வரையில் எட்டுகிறது. அங்கே பிறந்து சுவாசப்பைக்குக் காவல் போகும் ஒருவகை அணுக்கள் அதனால் சாந்தமடைகின்றன. ஒரு துளித் தூசியைக் கண்டு ஊரைக் கூட்டுவதில்லை. அமிலத்தை மட்டும் தனியே கொடுத்தபோதும் இதே பலன் கிட்டிற்று.

காவலன் சாந்தமானால், மெய்யான திருடன் வரும்போது தூங்கிவிட மாட்டானா? இதற்கு 2018-ல் அதே கோஷ்டியார் விடை கண்டார்கள். நார் மிகுந்த தீனி தின்ற எலிகள் இன்புளுயன்ஸா ஜுரத்தை நன்றாகத் தாங்கின. சுவாசப்பையையே புண்ணாக்கும் வெள்ளணுக்களின் ஆவேசம் அடங்கிற்று. வைரஸைத் தொலைக்கும் வேறு அணுக்களின் திறமையோ வளர்ந்தது. ஒரே உணவு ஓரிடத்தில் கடிவாளமாகவும் மற்றோரிடத்தில் சவுக்காகவும் வேலை செய்தது நமக்கு மிகவும் ருசிகரமாயிருக்கிறது.

எலிக்கு நடந்ததெல்லாம் மனிதனுக்கும் நடக்குமென்று சொல்வதற்கில்லை. கொய்யாப் பழத்தில் நார் உண்டென்று, வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அழகிய புட்டிகளில் நல்ல கிருமி விற்பவர்களுக்கு இருக்கும் அவசரம் ஆராய்ச்சியாளருக்கு இல்லை.

ஆயினும் குழந்தைகளைப் பற்றியும் ஒரு சேதி உண்டு. கானடாவில் பிரெட் பின்லே முதலியோர் 319 குழந்தைகளைப் பரிசோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதில் இரைப்பும் ஒவ்வாமையும் சேர்ந்து கண்ட குழந்தைகளுக்கு, மூன்றாம் மாதத்திலேயே குடலில் 4 இனக் கிருமிகள் குறைந்திருந்தன. ஓராண்டு நிறைந்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. தாயாரின் கண்ணுக்கு இரைப்பு புலப்படுமுன்பே, முதல் நூறு நாளில், தொட்டிலிலே ஏதோ நடந்து முடிந்திருக்கிறது.