‘என் கடை, என் கிளாஸ்’

எங்கள் ஊர் டீக்கடைக்காரர் ஒரு லிபர்டேரியன். அவருக்கே அது தெரியாது. 1970களில் அவர் கடை எரவாணத்தில் நமக்கென்று நாலு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். நாமே எடுக்கணும், அவர் எட்ட நின்று ஊத்துவார், குடித்துவிட்டு நாமே கழுவிச் செருகணும். ஒருநாள் என் அப்பா, உள்ளே வரிசையாக இருந்த கண்ணாடிக் கிளாஸைக் காட்டி, அதில் கேட்டார். கடைக்காரர் அடிக்கவில்லை, வையவில்லை. "என் கடை, என் கிளாஸு. புடிச்சா குடி, இல்லேன்னா நடையக் கட்டு" என்றார். எந்த அரசாணையும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லப்போனால் 1955லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, செய்யக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தது. அவர் தன் சொத்தைத் தன் இஷ்டப்படி ஆண்டார், அவ்வளவே.

என் அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், "மாமா, நான் இப்ப லிபர்டேரியன்" என்றான். ஏதோ புது வியாதி போல என்று அக்கா பயந்துபோனாள். அரசு நம் வாழ்க்கையில் தலையிடக்கூடாது, போலீஸும் கோர்ட்டும் மட்டும் இருந்தால் போதும், வரி வாங்குவது கட்டாய உழைப்பு வாங்குவதற்குச் சமம், சந்தையைத் திறந்துவிட்டால் சாதி தானாகச் செத்துப்போகும் என்று வரிசையாகச் சொன்னான். நான் டீக்கடைக் கதையைச் சொன்னேன். "வேற கடைக்குப் போயிருக்கலாமே மாமா?" என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சொல்லே திருட்டுச் சொத்து. 1857ல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சுக்காரர், சுவருக்குக் காகிதம் ஒட்டிப் பிழைத்த தொழிலாளி, நியூ ஆர்லியன்ஸில் நாடுகடந்து வாழ்ந்தபோது புரூதோனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சொத்தே திருட்டு என்று 1840ல் முழங்கிய அதே புரூதோன்தான், பெண் ஆணுக்குக் கீழே என்றும் எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்கம் வேண்டாம் என்கிறாய், வீட்டுக்குள்ளே ஒரு எஜமானை வைத்துக்கொள்கிறாய், நீ பாதி வழியில் நின்றுவிட்டவன் என்று தெஜாக் சாடினார். அந்தச் சண்டையில் பிறந்தது அந்தச் சொல். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அதே பெயரில் பத்திரிகையும் நடத்தினார். நூறு வருஷம் அது இடதுசாரி அராஜகவாதிகளின் சொல்லாகவே இருந்தது. 1950களுக்குப் பிறகு அமெரிக்காவில் சந்தைக்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் கதவில் மாட்டிக்கொண்டார்கள். அரசு அல்லாத எஜமானையும் எதிர்க்கப் பிறந்த சொல், அரசு அல்லாத எஜமானுக்கெல்லாம் கவசமாகிப்போனது.

இரண்டு தரப்புக்கும் ஒரு புள்ளிவரை ஒரே பாதைதான். என் உடம்புக்கு நானே சொந்தக்காரன், அதன்மேல் எவனுக்கும் அதிகாரம் கிடையாது. பரம்பரை பரம்பரையாகப் பண்ணையில் அடிமையாகக் கிடந்தவன் பேரனுக்கு இது இனிக்கத்தான் செய்யும். எனக்கும் இனிக்கிறது. பிரிவது நிலத்தில். என் உடம்பு என்னுது, சரி. மண்ணும் தண்ணியும் யாருது? முதலில் வேலி போட்டவனுக்கு, அவனிடம் வாங்கினவனுக்கு, அவன் வாரிசுக்கு என்கிறான் வலது லிபர்டேரியன். மண்ணை எவனும் உண்டாக்கவில்லை, அதில் எல்லாருக்கும் சம பங்கு உண்டு, வளைத்துப்போட்டவன் மற்றவர்களுக்கு ஈடு கட்டணும் என்கிறான் இடது லிபர்டேரியன். 1797லேயே தாமஸ் பெய்ன் இதற்குக் கணக்கே போட்டுவைத்தார்: 21 வயது ஆனதும் ஆணோ பெண்ணோ ஆளுக்கு 15 பவுன், 50 வயதிலிருந்து வருஷத்துக்குப் பத்துப் பவுன், பிச்சையாக அல்ல, பறிபோன பங்குக்கு ஈடாக. நம் காலத்தில் ஹில்லெல் ஸ்டைனர் போன்றவர்கள் அந்த நூலைப் பிடித்துத்தான் எழுதுகிறார்கள்.

வலதுக்காரர்களின் வேதம் ராபர்ட் நோஸிக் 1974ல் எழுதிய புத்தகம். அக்கா மகனும் அதைத்தான் கையில் வைத்திருந்தான். நானும் படித்தேன். சொத்து நியாயமாக வந்திருக்கணும், நியாயமாகக் கைமாறியிருக்கணும், அநியாயமாக வந்திருந்தால் சரிசெய்யணும் என்று மூணு விதி சொல்கிறார் நோஸிக். பழைய அநியாயம் பெரிசாக இருந்தால் கொஞ்ச காலத்துக்குப் பெரிய அரசுகூடத் தேவைப்படலாம் என்றும் ஒத்துக்கொள்கிறார். முதல் இரண்டு விதியை மனப்பாடமாக ஒப்பிக்கிற சீடர்கள் மூணாவதைத் திறப்பதே இல்லை. திறந்தால் இந்த நாட்டில் எத்தனை பட்டா தேறும்?

மகாத் குளத்தை நினைத்துப் பாருங்கள். 1924ல் நகராட்சி அதை எல்லாருக்கும் திறந்து தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய்த் தண்ணீர் குடித்தார். அந்த டிசம்பரில் மாநாட்டில் மனுஸ்மிருதி எரிந்தது நமக்கெல்லாம் தெரியும். மறுபடியும் குளத்துக்கு ஏன் போகவில்லை என்பது பலருக்குத் தெரியாது. சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடையாணை வாங்கியிருந்தார்கள். தீட்டு, சாஸ்திரம் என்றா வழக்குப் போட்டார்கள்? இல்லை ஐயா, குளம் எங்கள் தனிச்சொத்து என்று போட்டார்கள்! பம்பாய் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய 1937 மார்ச் ஆயிற்று. ஒரு வாய்த் தண்ணிக்குப் பத்து வருஷம். கோயிலில் சாதி பேசும் அதே வாய், கோர்ட் படியேறினால் சொத்துரிமை பேசும்.

இப்போது ‘வேற கடை’ விஷயம். எங்கள் ஊரில் டீக்கடை மூணு. மூணிலும் எரவாணத்தில் டம்ளர். ஒருத்தன் நமக்கும் அதே கிளாஸைக் கொடுத்தால் நம் காசு அவனுக்கு வரும், நிஜம்தான். ஆனால் மறுநாள் ஊர்த்தெரு முழுக்க அவன் கடைக்கு வராது. பால் ஊத்துகிறவன் வரமாட்டான், அவன் மகளுக்குப் பெண் கேட்டும் வரமாட்டார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1976ல் சாதியை வைத்தே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: விதியை மீறுகிறவனை மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை, லாபம் கண்ணுக்குத் தெரிந்தாலும் எவனும் மீறமாட்டான். சந்தை சாதியைக் கொல்லும் என்றானே, எங்கள் ஊரில் சந்தைதான் சாதிக்குக் காவல்.

அமெரிக்காவிலும் இதே வழக்குதான். 1960ல் கிரீன்ஸ்பரோவில் நாலு கறுப்பு மாணவர்கள் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து எழமாட்டோம் என்றார்கள். அதிலிருந்து கிளம்பிய போராட்டங்கள்தான் 1964 குடியுரிமைச் சட்டம்வரை வந்தன. அதை எதிர்த்து ஓட்டுப் போட்டார் செனட்டர் பாரி கோல்ட்வாட்டர். கறுப்பர்மேல் எனக்கு வெறுப்பில்லை, தனியார் கடைக்குள் மத்திய அரசு நுழைவதைத்தான் எதிர்க்கிறேன் என்பது அவர் வாதம். இருக்கட்டும், வெறுப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். பசித்தவனுக்கு அதனால் என்ன? தென் மாநிலங்களில் இனப் பிரிவினையைச் சட்டம் போட்டுக் காத்ததே அரசுதான் என்று வலதுக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். பாதி உண்மை, மறுக்கவில்லை. நம் டம்ளருக்கு எந்தச் சட்டம் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

இடதுக்காரனையும் சும்மா விடுவதற்கில்லை. அரசு ஒழிந்தபின் சின்னச் சின்ன சமூகங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் என்று கனவு காண்கிறவன் அந்தக் கூட்டத்தில் உண்டு. எங்கள் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொண்டுதானே இருந்தது? 1948 நவம்பர் 4ல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, கிராமத்தைக் கொண்டாடியவர்களை நாறடித்தது சும்மாவா? பங்கைப் பணமாகக் கொடுத்தாலும் சேரி சேரியாகவே இருக்கும். இருந்தாலும் அவனோடு உட்கார்ந்து சண்டை போடலாம். மண் யாருது என்ற கேள்வியையாவது கேட்கிறான்.

"அப்ப அரசாங்கம் நம்மள விக்கக் கூடாதுன்னு சொன்னது சரியா மாமா? அதுவும் தலையீடுதானே?" என்றான் பையன். பஞ்சமி நிலத்தைச் சொல்கிறான். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்கீர் அறிக்கை கொடுத்து, 1892ல் ஆணை வந்து நமக்கு ஒதுக்கிய நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, பிறகும் நம்மவருக்கு மட்டும்தான் விற்கலாம் என்று நிபந்தனை. என் தாத்தா அப்படி வந்த நிலத்தை ஒரு பஞ்சத்து வருஷத்தில், நெல்லுக்குப் பட்ட கடனுக்காக ஊர்க்காரரிடம் கைநாட்டு வைத்துக் கொடுத்தார். யாரும் கத்தியைக் காட்டவில்லை. நோஸிக் சீடன் பார்த்தால் இரண்டு சுதந்திர மனிதர்கள் மனமொப்பிச் செய்த வியாபாரம். அடுப்பில் பானை ஏறி மூணு நாள் ஆனவனுடைய சம்மதம் அது. இந்த நிலங்களைத் திரும்பக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10ல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். போலீஸும் கோர்ட்டும் மட்டும் போதும் என்றானே, அந்தப் போலீஸ்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மூணாவது விதிப்படி கேக்கலாம் மாமா" என்றான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு சர்வே நம்பர் கேட்டான். என் அப்பா தகரப் பெட்டியில் வைத்திருந்த துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, பழைய ‘அ’ பதிவேட்டின் நகல் கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் போனான்.