உலுருவும் அதற்குரியோரும்

மத்திய ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் செந்நிறமாய் நிற்கும் உலுரு என்னும் பெரும்பாறையை, 1985ஆம் ஆண்டு அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கே உரிமையாக்கி, தேசியப் பூங்காவின் பொருட்டு 99 ஆண்டுக் குத்தகையாக அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்ட பின்னரும், பாறையில் அறைந்த இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு பிரயாணிகள் ஏறிய வண்ணமே இருந்தனர். புனித ஸ்தலம், ஏறாதீர்கள் என்று அம்மக்கள் பலகை வைத்து வேண்டியும் பயனின்றி, 2019 அக்டோபரில்தான் அவ்வழி அடைபட்டது. ஏறுவது நின்றால் வருவோர் குறைவர் என அஞ்சியோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பாறையடியில், புல்விதையைக் கல்லில் அரைத்து மாவாக்கும் முறையையும், புள்ளிச் சித்திரத்தின் பொருளையும் அம்மக்களே விளக்கக் கேட்பதன்றோ அங்குச் செல்வதன் பெரும்பேறு! எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்னும் அதிகாரமும், வருமானத்தில் நியாயமான பாகமும் பூர்வகுடிகளிடமே இருக்குமாறு சட்டம் வகுத்த பின்னரே, இத்தகைய சுற்றுலாவை வளர்க்க விழையும் அரசுகள் விளம்பரத்தில் இறங்க வேண்டும்.